எண்பது மில்லி

ஏப்ரல் கடைசி. மணி ஆறு தாண்டிவிட்டது.
இரவெல்லாம் ஓடிவந்த ஒரு பாய்மரப் படகு
நியூபோர்ட் துறையில் கயிறு போடுகிறது.
வலது பக்கம் மஞ்சள் கொடி.
அதற்கு அர்த்தம்:
நாங்கள் இன்னும் வந்து சேரவில்லை,
நீங்கள் வந்து பார்க்கும்வரை.

அந்த ‘நீங்கள்’ நான்தான். லீன், சுங்கத்துறை.
இருபத்திரண்டு வருடமாகக் கடலோரத்தில் உத்தியோகம்.
கடலுக்குள் போனது ஒரே தடவை,
வாளியைக் கட்டிக்கொண்டு திரும்பினேன்.
போடுவைனிடம் சொல்லிவிடாதீர்கள்.
என் அப்பா மாலுமி என்று அவன் நம்பிக்கொண்டிருக்கிறான்.

படகின் பெயர் டர்ன்ஸ்டோன், ராம்ஸ்கேட்டிலிருந்து.
ஆட்கள் இரண்டு பேர்: மெர்வின், பெர்னிஸ்.
புருவத்தில் உப்பு காய்ந்திருந்தது.
டீசல் தொட்டியைத் திறக்கச் சொல்ல வாயெடுத்தேன்.
ஏற்கெனவே திறந்து வைத்திருந்தார் மெர்வின்.
கையில் ஒரு கோப்பு. பிளாஸ்டிக் உறைகளில்
ஒன்பது வருட ரசீதுகள், தேதி வாரியாக.
ஒன்றில் மட்டும் கறை. கேட்காமலே சொன்னார்:
“அது காபி.”

சட்டம் எளிதுதான், சொல்வதற்கு.
அக்கரையில் டிராக்டருக்கும் மீன்பிடிப் படகுக்கும்
சிவப்புச் சாயம் கலந்து சல்லிசாக விற்பார்கள்.
உல்லாசப் படகும் அதே பம்பில் நிரப்பிக்கொண்டு
மிச்ச வரியைத் தனியே கட்டும்.
கட்டியது தாளில் இருக்கும், தொட்டியில் சிவப்பு இருக்கும்.
இக்கரையில் நாங்கள்
தாளை விட்டுவிட்டு நிறத்தைப் பார்ப்போம்.

அந்தச் சாயம் லேசில் போகாது.
வெள்ளை டீசலை நூறு லிட்டர் ஊற்று,
இன்னொரு நூறு ஊற்று,
அடியில் தேங்கிய ஒரு கரண்டி போதும்,
பொய் சொல்லத் தெரியாதவன் காது மாதிரி
சிவந்து காட்டிக்கொடுக்கும்.
நான் அபராதம் எழுதியவர்களில்
பாதிப்பேர் திருடர்கள் இல்லை.
பழைய படகு வாங்கியவர்கள்.

கைப்பம்பின் குழாயைத் தொட்டிக்குள் இறக்கினேன்.
எண்பது மில்லி. அதற்குமேல் எடுக்கக் கூடாது.
கண்ணாடியைக் கிழக்கே தூக்கிப் பிடித்தேன்.

சிவப்பு.

பெர்னிஸ் தேநீர்க் குவளையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.
மெர்வின் கோப்பைப் புரட்டத் தொடங்கினார்,
தலைகீழாகப் பிடித்துக்கொண்டு.
நான் ஒன்றும் பேசாமல் படியிறங்கி
கீழறைக்குள் போனேன்.
மேஜை விளக்கைப் போட்டு, கண்ணாடிக்குப் பின்னால்
ஒரு வெள்ளைத் தாளை வைத்தேன்.

வைக்கோல் நிறம்.
மேலே பார்த்தது அப்போதுதான் எழுந்த சூரியனை.
அதற்கு இன்னும் வரி விதி வரவில்லை.

“சரியாக இருக்கிறது” என்றதும்
மெர்வின் நனைந்த கயிற்றுச் சுருள்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.
குளிர்காலம் முழுக்கத் தொட்டியைக் கழற்றி
மூன்று முறை கழுவினாராம்.
பழைய பனியன்களால் துடைத்தாராம்.
“பழையது இல்லை, என்னுடையது” என்றாள் பெர்னிஸ்.

மிச்சக் கேள்விகள்.
மது? அரை பாட்டில் ஜின்.
புகையிலை? விட்டாயிற்று.
பத்தாயிரம் யூரோவுக்கு மேல் ரொக்கம்?
இருவரும் நன்றாகச் சிரித்தார்கள்.
இறைச்சி, பால் பொருள்?

சிரிப்பு நின்றது.
வெள்ளித்தாளில் சுற்றி இரண்டு சாண்ட்விச்.
பன்றி இறைச்சி, தாராளமாக வெண்ணெய்.
நடுக்கடலில் அலை தூக்கிப்போட்டதில்
தொடவே முடியவில்லையாம்.
கரையிறக்கினால் பறிமுதல், கறுப்புப் பை,
எரியுலை. கையெழுத்து நான்கு இடத்தில்.

மேலே பார்த்தேன். மஞ்சள் கொடி பறந்துகொண்டிருந்தது.
“நீங்கள் இன்னும் வந்து சேரவில்லை” என்றேன்.
“இந்தப் படிவத்தை முடிக்க எனக்குப் பத்து நிமிஷமாகும்.”

பெர்னிஸுக்குத்தான் முதலில் புரிந்தது.
வெள்ளித்தாள் பிரிந்த சத்தம்.
நிதானமாக எழுதினேன்,
படகின் நீளத்தை இரண்டு தரம் சரிபார்த்து.
வாய் நிறைய மென்றபடி
எனக்கும் ஒரு பாதியை நீட்டினாள்.

தலையசைத்து மறுத்தேன்.
விதி ஒரு பக்கம் இருக்கட்டும்.
நான்கு கயிற்றால் கட்டிய படகு,
அலையே இல்லாத துறை,
மேஜைமேல் பேனா மட்டும்
அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உருண்டது.
அதைப் பார்க்காமல்
ஜன்னல் வழியே கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.